மீன் கடை என்று சேமிக்கவும்

ஜூன் 12, வியாழன்

பீர் மைதீனின் வாட்ஸ்அப் எண் தடைசெய்யப்பட்டுவிட்டது. எதிர்பார்த்ததுதான். என்னைக் கேட்காமல் யாரிடமோ மொத்தமாக எண்களை வாங்கி, ஒரே காலையில் அத்தனை பேருக்கும் 'மீன் பிரியர்களே, வாரீர்' என்று அனுப்பியிருக்கிறார். முட்டைகூட வாங்காத வீடுகளுக்கெல்லாம் சீலா மீன் படம் போயிருக்கிறது. புகார் கொடுக்காமல் என்ன செய்வார்கள்?

சாயங்காலம் கடைக்குப் போனேன். மீன் இல்லாத மேடையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கெழம தடைக்காலம் முடியுது அண்ணாச்சி. தூத்துக்குடில இருந்து சரக்கு வந்து குமியப்போவுது. இந்த நேரம் பாத்து போன் படுத்துட்டே."

"அது தானா படுக்கல. நீங்கதான் படுக்க வச்சிருக்கீய."

"ஏசுங்க. படிச்சவிய ஏசுனா வாங்கிக்கிட வேண்டியதுதான். இப்ப ஒரு வழியச் சொல்லுங்க."

புது எண் வாங்கினால் அதையும் இரண்டு நாளில் முடக்கிவிடுவார்கள். பல வருடம் புழங்கிய எண் ஒன்று வேண்டும் என்றேன். துடைப்பத்தைச் சாத்திவிட்டு என் சட்டைப்பையையே பார்த்தார்.

"ஒங்க நம்பர் இருக்குல்லா?"

சரி என்று சொல்லிவிட்டேன். பெருந்தன்மையால் அல்ல. என் எண்ணுக்கு யாரும் பேசுவதில்லை. சும்மா கிடக்கிற நிலத்தில் யாரோ மாடு கட்டிவிட்டுப் போகட்டும்.

ஜூன் 13, வெள்ளி

கடை வாசலில் ஒட்ட அட்டை அச்சடித்தேன். வாசகம் என்னுடையது: 'இந்த எண்ணை உங்கள் போனில் மீன் கடை என்று சேமிக்கவும். ஒரு வணக்கம் அனுப்பவும். தினமும் காலையில் என்ன மீன் வந்திருக்கிறது என்று சொல்வோம்.'

சேமிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே செய்தியைப் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் அனுப்பும் முறையில், நம் எண்ணைத் தன் போனில் வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். வைத்திருக்காதவர் பெயருக்கு நேரே ஒற்றை டிக்கோடு நின்றுவிடும். அந்த மனிதருக்கு நாம் ஒன்று அனுப்பினோம் என்பதே தெரியாது. நல்ல ஏற்பாடு. வேண்டியவன் வைத்துக்கொள்வான்.

எம்.ஏ. பொருளாதாரம், அதன் மேல் எம்.பி.ஏ. இருபத்திரண்டு வருடம் ஒரு செல்போன் நிறுவனத்தில் இருந்தேன். இந்தத் தென்காசியில் பாதிப் பேருக்கு முதல் சிம் கார்டு என் கையால் போனது. நிறுவனத்தை மூடும்போது மண்டல மேலாளர் தனக்கு மட்டும் இன்னொரு நிறுவனத்தில் இடம் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு வாழ்த்துச் செய்தி அனுப்பினார். இப்போது ஒரு மீன் கடை, ஒரு கண்ணாடிக் கடை, ஒரு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி. இவர்களுக்காக ஊர் போன்களுக்கு விளம்பரம் அனுப்புகிறேன்.

மகள் சுடர்விழியின் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் எம்.ஏ.வைக்கூடப் போடவில்லை. இடம் போதவில்லையாம். என் மைத்துனன் செண்பகராமன் பெயருக்குக் கீழே 'லாட்ஜ் உரிமையாளர், குற்றாலம்' என்று போட இடம் இருந்தது. இனி எனக்கும் ஒரு பட்டம் உண்டு. மீன் கடை.

ஜூன் 16, திங்கள்

முதல் செய்தி காலை ஆறேகாலுக்குப் போனது. அதற்கு முன்னால் அனுப்பினால் தூக்கத்தைக் கெடுத்தவன் ஆவோம். பிந்தினால் சாம்பாருக்குப் பருப்பு வெந்துவிடும்.

'இன்று சாளை, நகரை, விளைமீன். சாளை நல்ல புதுசு. விளைமீன் சுமார்தான், வறுக்கலாம், குழம்புக்கு வேண்டாம்.'

"என் சரக்க நீங்களே சுமார்னு சொல்லுதீயளே, நல்லாருக்கா?" என்று பீர் மைதீன் கத்தினார். பதினோரு மணிக்குள் சாளை தீர்ந்தது. விளைமீனும் வறுவலுக்கென்று கேட்டு வாங்கிப் போனார்களாம். அப்புறம் அவரிடமிருந்து போன் வரவில்லை.

பட்டியலில் வாடிக்கையாளர்களோடு வீட்டு எண் ஒன்றையும் சேர்ப்பது என் பழைய பழக்கம். செய்தி ஒழுங்காகப் போகிறதா என்று சரிபார்க்க. உலகம்மாளின் எண்ணைச் சேர்த்திருந்தேன். என் மனைவி. அரசுப் பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியை. அவள் எண்ணும் என் எண்ணும் கடைசி இலக்கத்தில் மட்டும் வேறுபடும். நான்தான் அப்படிப் பார்த்து எடுத்தேன்.

மற்ற பெயர்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு டிக். அவள் பெயருக்கு ஒன்று.

பக்கத்து அறையில் உட்கார்ந்து பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 17, செவ்வாய்

நெட் வேலை செய்யாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். இல்லை. ஓசூரிலிருந்து மகள் அனுப்பிய பேரனின் வீடியோ அவள் போனில் ஓடுகிற சத்தம் கேட்டது.

என் எண்ணை அவள் தடுத்து வைத்திருக்கலாம் என்று, அவளுக்குத் தனியாக ஒரு புள்ளி மட்டும் அனுப்பினேன். உடனே இரண்டு டிக். கொஞ்ச நேரத்தில் நீலமானது. என்ன புள்ளி என்று கேட்கவில்லை.

ஆக, தடுக்கவில்லை. வைத்திருக்கவில்லை, அவ்வளவுதான். தடுப்பதற்கும் ஒரு அக்கறை வேண்டும்.

சுடர் சித்திரையில் அவளுக்குப் புதுப் போன் வாங்கி அனுப்பியிருந்தாள். அதில் செண்பகராமனின் எண் பெயரோடு இருக்கிறது. அவன் கூப்பிடும்போது பார்த்தேன்.

ஜூன் 18, புதன்

சாரல். துணி காயவில்லை.

ஜூன் 21, சனி

ராத்திரிச் சாப்பாட்டின்போது உலகம்மாள் அறிவித்தாள். தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டு.

"மாறுதல் கலந்தாய்வு பத்தாந்தேதி வருது. ஓசூர்ல ஒரு எடம் காலியா இருக்காம். சுடர் வேலைக்குத் திரும்பணும், புள்ளையப் பாக்க ஆளு இல்ல. எடுக்கலாமான்னு இருக்கேன்."

நான் தட்டைப் பார்த்தேன்.

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க. எடுக்கல."

சட்னியில் உப்பு கூட. சொல்லவில்லை. கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். கல்லில் கிடந்த தோசை கருகி வாசனை வந்தது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு அடுத்ததை ஊற்றினாள். நான் கை கழுவப் போனேன்.

இந்த வீட்டில் எதற்கும் யாரும் என்னைக் கலந்துகொள்வதில்லை.

ஜூன் 22, ஞாயிறு

விற்பனை அமோகம். பீர் மைதீன் ஒரு பெரிய பாறை மீனின் தலையைக் கொடுத்தனுப்பினார். வாங்கி அடுப்பங்கரையில் வைத்தேன். உலகம்மாள் குழம்பு வைத்தாள். நன்றாக இருந்தது.

மீன் தலையைச் சாப்பிட்டுக்கொண்டே யோசித்தேன், கடைசியாக இவளிடம் ஒரு முழு வாக்கியம் எப்போது பேசினேன் என்று. ஐப்பசியில், சுடரின் வளைகாப்பு அன்று. செண்பகராமன் பந்தி நடுவில், எல்லோர் காதிலும் விழும்படி, "அத்தான், நம்ம லாட்ஜ்ல வந்து ரிசப்சன்ல உக்காருங்க, ஒங்களுக்கும் பொழுது போவும்" என்றான். இவள் குழம்பு வாளியோடு நின்றுகொண்டு, "போங்களேன், வீட்ல சும்மாதான இருக்கீய" என்றாள். நான் இலையை மடித்துவிட்டு எழுந்தேன். கையில் சோறு இருந்தது.

அன்றைக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு நின்றுபோயிற்று. அவள் கேட்பாள், சொல்வாள். நான் பதில் பேசுவதில்லை. அவள் வாயிலிருந்து வர வேண்டிய ஒன்று இன்னும் வரவில்லை.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சுடர் ஓசூரிலேயே பார்த்துக்கொண்டாள். மாப்பிள்ளையின் காப்பீடு அங்கேதான் செல்லுமாம். உலகம்மாள் லீவு போட்டுவிட்டுப் போனாள். என்னை யாரும் கூப்பிடவில்லை. வந்தால் நல்லா இருக்கும் என்று சுடர் சொன்னாள். அது கூப்பிடுவது ஆகாது.

ஜூன் 25, புதன்

தவறு நடந்துவிட்டது. அமாவாசையை மறந்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். விரதம் இருக்கிற வீட்டுக்கு விடிந்ததும் நெத்திலி படம்.

"ஏம்ப்பா மீன்கட, எங்க மாமனாருக்குத் தர்ப்பணம் பண்ணப் போற நேரத்துல இதான் வேலையா?" என்று ஒரு அம்மாள் குரல்செய்தி அனுப்பியிருந்தார். மூன்று தடவை கேட்டேன். ஏம்ப்பா மீன்கட.

மன்னிப்புக் கேட்டுப் பதில் போட்டுவிட்டு, பகல் முழுக்க உட்கார்ந்து பட்டியலைப் பிரித்தேன். தினமும் வாங்குபவர்கள் ஒன்று. செவ்வாய் வெள்ளி தொடாதவர்கள் ஒன்று. அமாவாசை, கிருத்திகை, சஷ்டி பார்ப்பவர்கள் ஒன்று. ஆடி முழுக்க விலகி இருப்பவர்களும் உண்டு. எந்த எம்.பி.ஏ. வகுப்பிலும் இதைச் சொல்லித் தரவில்லை.

உலகம்மாள் செவ்வாய் வெள்ளி தொடமாட்டாள். அமாவாசையும் கிடையாது. கிருத்திகை மட்டும் மறந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டு வருத்தப்படுவாள். அவள் எண்ணை உரிய பட்டியலில் மாற்றிவைத்தேன். சரிபார்ப்பு எண்ணாக இருந்தாலும் ஒழுங்கு ஒழுங்குதான்.

ஜூன் 28, சனி

'இன்று சாளை, காரல், சீலா. காரல் சின்னது, சொதிக்கு நன்றாக இருக்கும்.'

உலகம்மாள் பெயருக்கு இரண்டு டிக்.

போனை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தேன். இரண்டு. ஆறரைக்கு நீலம்.

அவள் என் எண்ணைத் திரும்பச் சேர்த்திருக்கிறாள். இதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை. கேட்கவும் இல்லை. அவளாகவே செய்தது. காலையில் காப்பியை மேசையில் வைத்தபோது நிமிர்ந்து பார்த்தேன். பார்த்ததை அவள் கவனிக்கவில்லை.

சவரம் செய்துகொண்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

அவள் குளித்துக்கொண்டிருந்தாள். போன் சாப்பாட்டு மேசையில் இருந்தது. என்ன பெயரில் வைத்திருக்கிறாள் என்று தெரிந்துகொண்டால் என்ன என்று தோன்றியது. முன்பெல்லாம் 'அவங்க' என்று வைத்திருந்தாள்.

என் போனிலிருந்து அழைத்தேன். மேசையில் அவள் போன் அதிர்ந்து வெளிச்சம் வந்தது.

'மீன் கடை.'

அழைப்பைத் துண்டித்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில்தான் பீர் மைதீன் கடை. அட்டையைப் படித்திருப்பாள். அட்டையில் சொன்னபடி செய்திருக்கிறாள். அந்த எண் யாருடையது என்று பார்த்துத்தான் செய்தாளா, பார்க்காமல் செய்தாளா, தெரியவில்லை. கணக்கு டீச்சருக்கு எண்கள் மறக்குமா?

குளித்துவிட்டு வந்து தவறிய அழைப்பைப் பார்த்தாள். தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே போனாள்.

விளம்பரத்தைப் பொறுத்தவரை வெற்றிதான். அட்டை வேலை செய்கிறது.

ஜூலை 2, புதன்

ஆறு இருபதுக்கு அவள் எண்ணிலிருந்து செய்தி.

'அரை கிலோ சாளை வேணும். சுத்தம் பண்ணித் தரணும்.'

நான் முன்னறையில் இருந்தேன். அவள் அடுப்பங்கரையில் இருந்தாள். நடுவில் ஒரு சுவர்.

வாடிக்கையாளருக்கு ஐந்து நிமிடத்துக்குள் பதில் போட வேண்டும் என்பது நான் வைத்த விதி. போட்டேன். 'சரிங்க. எட்டு மணிக்குத் தயாராக இருக்கும்.'

சுவருக்கு அந்தப் பக்கம் 'டிங்' என்று கேட்டது.

எட்டு மணிக்கு நானே போய் வாங்கி வந்து அடுப்பங்கரையில் வைத்தேன். பார்த்தாள். "தல எடுத்துட்டாவளா?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டுப் பையைப் பிரித்தாள். எடுத்திருந்தார்கள்.

ஜூலை 3, வியாழன்

'நேத்து சாளை நல்லா இருந்துச்சு.'

'நன்றிங்க.'

'இன்னைக்கு நெத்திலி எப்படி?'

'சுமார்தாங்க. சனிக்கிழமை வாங்குங்க, புதுசு வரும்.'

'உண்மையச் சொல்ற கடை இப்பதான் பாக்கேன்.'

கும்பிடுகிற கை ஒன்றைப் போட்டேன்.

ஜூலை 5, சனி

பீர் மைதீனுக்குப் பொறுக்கவில்லை. நெத்திலியைப் பொட்டலம் கட்டிக்கொண்டே ஆரம்பித்தார்.

"டீச்சரம்மா தெனமும் இந்தக் கட முன்னாடியேதான் போறாவ, வாராவ. எறங்கி ஒரு வார்த்த சொன்னா குடுத்துருவேன். அத விட்டுட்டு ஒங்க போனுக்கு ஆர்டர் போடுதாவ. நீங்க அத எங்கிட்ட சொல்லுதீய. நான் ஒங்க கையில குடுக்கேன். நீங்க ஒங்க வீட்டுக்கே டெலிவரி பண்ணுதீய. இது என்ன வெளாட்டு அண்ணாச்சி?"

"கஸ்டமர் விருப்பம்."

"கஸ்டமரா?" சிரித்ததில் தராசு ஆடியது. "ரெண்டு பேரும் போன்லயாவது பேசிக்கிடுதீயளேன்னு சந்தோசப்படவா, எங்கிட்டுப் போயி முட்டிக்கிடவா?"

"மீன எடை போடுங்க."

"போட்டாச்சு. அவிய கலந்தாய்வுக்குப் போறாவளாமே. பள்ளிக்கூடமே பேசுது. போவாதன்னு ஒரு வார்த்த சொன்னா ஒங்க எம்மே பட்டத்தப் புடுங்கிருவாவளாக்கும்?"

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மீன் விற்கிறவன் எல்லை தெரிந்து பேச வேண்டும். வேறு யாராவது இருந்தால் இந்தக் கணக்கை விட்டிருப்பேன். இப்போதைக்கு மூன்று கடைகளில் இது ஒன்றுதான் ஓடுகிறது.

ஜூலை 8, செவ்வாய்

செவ்வாய். அவள் பட்டியலுக்கு இன்று செய்தி கிடையாது. இருந்தும் ஏழு மணிக்கு அவளிடமிருந்து வந்தது. அப்படியே எழுதி வைக்கிறேன்.

'ஒரு சந்தேகம்.'

'சொல்லுங்க.'

நெடுநேரம் எழுதுவதும் நிறுத்துவதுமாக இருந்தாள். போன் அதைக் காட்டும்.

'நான் ஓசூருக்கு மாறிப் போயிட்டா அங்கயும் மீன் அனுப்புவீங்களா? இல்ல, இங்க இருந்தா மட்டும்தானா?'

இப்படிக் கேட்கும் வாடிக்கையாளர் கிடைப்பது அபூர்வம். ஊரைவிட்டுப் போன பிறகும் நம் கடையைத் தேடுகிறார் என்றால் அது நாம் சம்பாதித்த நம்பிக்கை. இருபத்திரண்டு வருடம் நான் மேலாளர்களிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்து யாரும் கேட்காத பாடம் இதுதான். இல்லை என்ற சொல்லை வாடிக்கையாளரிடம் சொல்லாதே. உடனே பதில் போட்டேன்.

'எங்கே இருந்தாலும் அனுப்புவோங்க. எங்கள் வாடிக்கையாளரை நாங்கள் விடுவதில்லை.'

நீலமானது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அடுப்பங்கரையில் பாத்திரம் கழுவும் சத்தம். வழக்கத்தைவிட நிதானமாகக் கழுவினாள். நல்ல வாசகம் என்று எனக்குத் தோன்றியது. கண்ணாடிக் கடைக்கும் இதையே பயன்படுத்தலாம்.

ஜூலை 10, வியாழன்

கலந்தாய்வுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு முன்னறையிலேயே உட்கார்ந்தாள். எப்போதும் நேராக உள்ளே போகிறவள்.

"ஓசூர எடுத்துட்டேன்."

"ம்."

"என் பேரக் கூப்புடுத வரைக்கும் முடிவு பண்ணல. தென்காசியிலயே இருந்துக்கிடுதேன்னு சொல்லிட்டு வந்துரலாமான்னுகூட இருந்தேன்." என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்புறம் அந்த மீன்கடக்காரவிய சொன்னது ஞாபகம் வந்துச்சு. எங்க இருந்தாலும் அனுப்புவோம்னு சொன்னாவ. சரி, நாம போனா ஒண்ணும் கொறஞ்சிறாதுன்னு எடுத்துட்டேன்."

டிவியில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. நான் அதன் சத்தத்தைக் குறைத்தேன். பேசுவதற்காகத்தான் குறைத்தேன் என்று நினைக்கிறேன். அவளும் அப்படித்தான் நினைத்தாள் போல, எழாமல் இருந்தாள். விளம்பரம் முடிந்து மறுபடி நிகழ்ச்சி வந்தது. எழுந்து போய் முகம் கழுவினாள்.

ஜூலை 11, வெள்ளி

பயிற்சிப் பள்ளிக்காரர் பாக்கி வேலையைக் கேட்டார். முடித்துக் கொடுத்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

உலகம்மாள் போனாள். செண்பகராமன் காரோடு வந்தான். பெட்டிகளை நான்தான் தூக்கி வைத்தேன். அவனுக்கு இடுப்பு வலியாம்.

"அத்தான், ஒருநா நீங்களும் ஓசூரப் போயிப் பாத்துட்டு வாங்களேன். புள்ள அப்படியே ஒங்கள மாரி, மூஞ்சிய உர்ருனு வச்சிக்கிட்டு இருக்கான்."

பெட்டியை அழுத்திக் கதவைச் சாத்தினேன்.

உலகம்மாள் படியிறங்கிவிட்டுத் திரும்பி வந்தாள். "கேஸ் புக் பண்ணிருக்கேன், நாளைக்கி வரும். ஊறுகா கீழ்த் தட்டுல. பால்காரர்ட்ட அர லிட்டர் போதும்னு சொல்லியாச்சு." அப்புறமும் நின்றாள். "வேற ஒண்ணும் இல்லைல?"

தலையை ஆட்டினேன். இல்லை என்பதற்கும் சரி என்பதற்கும் நான் ஒரே மாதிரி ஆட்டுவேன் என்று முன்பு சண்டை பிடிப்பாள்.

கார் போன பிறகு காப்பி போட்டேன். இரண்டு பேருக்குப் போட்டுவிட்டேன். இரண்டையும் குடித்தேன்.

ஜூலை 21, திங்கள்

'இன்று சாளை, ஊளி.' அவள் பெயருக்கு இரண்டு டிக். ஆறு இருபதுக்கு நீலம்.

கேஸ் வந்தது.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. யாருக்கும் செய்தி இல்லை. காலையில் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. வாசல் வரை போய்விட்டு வந்தேன். இரண்டாவது தடவை போனபோது எதிர்வீட்டுக்காரர், "டீச்சர் லீவுக்கு எப்ப வாராவ?" என்றார். தெரியாது என்றேன். அந்த ஆளுக்கு வேலையே இல்லை.

ஜூலை 30, புதன்

வெளியூர் போனவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். வாங்க முடியாதவருக்கு விளம்பரம் அனுப்புவது தொந்தரவு. இன்று மூன்று பேரை எடுத்தேன். ஒருவர் சென்னை, இரண்டு பேர் துபாய்.

உலகம்மாளை எடுக்கவில்லை. அது சரிபார்ப்பு எண்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மூன்று நாளாகக் காய்ச்சல். இருந்தும் செய்தி தவறவில்லை. நேற்று மட்டும் ஏழு மணியாகிவிட்டது. ஆறரைக்கே ஓசூரிலிருந்து, 'இன்னைக்குக் கடை இல்லையா?' என்று கேட்டிருந்தாள்.

'இருக்குங்க. கொஞ்சம் உடம்பு சரியில்லை.'

'கடைக்கா?'

'கடைக்குத்தான்.'

'மிளகு ரசம் வச்சுக் குடிக்கச் சொல்லுங்க. மிளகு நீல மூடி டப்பால இருக்கும்.'

இருந்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்

'பால்சுறா ஒரு கிலோ வேணும். மகளுக்குப் பால் பத்தல. புட்டு செஞ்சு குடுக்கணும். இங்க கிடைக்க மாட்டேங்குது. அனுப்புவோம்னு சொன்னீங்க.'

'சரிங்க. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து சேரும்.'

'நெசமாவா?'

'சொன்னால் சொன்னதுதாங்க.'

பீர் மைதீனிடம் சொன்னேன். பால்சுறாவுக்குத் தூத்துக்குடிக்குச் சொல்லிவிட்டிருக்கிறார். இந்தத் தடவை கேலி செய்யவில்லை. "புள்ளத்தாச்சிக்கு நல்லதா பாத்து எடுக்கணும்" என்றார். பிள்ளை பெற்று எட்டு மாதம் ஆகிறது என்றேன். "அப்பமும் நல்லதாத்தான் எடுக்கணும்" என்றார்.

ஆகஸ்ட் 9, சனி

பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, நடுவில் மீனை வைத்து, சுற்றிலும் டேப் ஒட்டி, நானும் பீர் மைதீனும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஓசூர் வழியாக பெங்களூர் போகும் பஸ்ஸுக்குக் கொண்டுவந்தோம். பஸ் உதவியாளன் பெட்டியை முகர்ந்து பார்த்தான்.

"மீனா? ஏசி பஸ்ஸுல மீனா? மதுர தாண்டுததுக்குள்ள பொம்பளையாள்லாம் சேந்து என்னைய எறக்கி விட்டுருவாவ அண்ணாச்சி."

"ஒரு சொட்டு ஒழுவாதுய்யா" என்றார் பீர் மைதீன். "எங்கையால கட்டுனது."

"ஒழுவுததச் சொல்லல. ஆளில்லாத பார்சலா மீன ஏத்த மாட்டோம். கூட ஆளு வந்தா காலடியில வச்சிக்கிடட்டும். நாறுனா அந்தாளுகிட்ட பேசிக்கிடுவோம்."

அடுத்த பஸ்ஸிலும் இதே பதில். மூன்றாவது பஸ்ஸுக்காரன் பெட்டியைப் பார்த்ததுமே கையை ஆட்டிவிட்டான். முதல் பஸ்ஸுக்கே திரும்பினோம். ஐஸ் உருக ஆரம்பித்திருந்தது.

"ஆளு இருக்கே" என்றார் பீர் மைதீன்.

"எங்க?"

"என் முன்னாடி நிக்குது."

எனக்கு மாற்றுத் துணி இல்லை. ரப்பர் செருப்பு. வீட்டில் பால் காய்ச்சி மூடாமல் வைத்திருக்கிறேன். நாளைக்குக் காலையில் செய்தி போட வேண்டும். இவற்றையெல்லாம் சொன்னேன்.

"ஒருநா மெசேஜ் வரலன்னா கடல் வத்திருமா? வீட்டுச் சாவியக் குடுங்க, பாலப் பூனைக்கு ஊத்திருதேன். ஏறுங்க அண்ணாச்சி."

ஏறிவிட்டேன். யோசித்துப் பார்த்தால் வேறு வழி இல்லை. வரும் என்று சொன்ன சரக்கு வராமல் போவதைப் போல ஒரு வியாபாரத்தைக் கெடுப்பது எதுவும் கிடையாது. சொன்ன சொல் தவறினால் அந்த வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார். பீர் மைதீனுடைய பெயரைக் காப்பாற்றத்தான் போகிறேன். பெட்டியைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாம்.

பெட்டி காலுக்கு நடுவில் இருக்கிறது. பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு தடவை மூக்கை உறிஞ்சிவிட்டு என்னைப் பார்த்தார். நான் சன்னலைப் பார்த்தேன்.

இப்போது செய்தி வந்தது.

'பார்சல் கிளம்பிட்டா?'

'கிளம்பிவிட்டதுங்க. காலையில் ஏழு மணிக்கு வீட்டுக்கே வந்துவிடும். விலாசம் மட்டும் அனுப்புங்க.'

விலாசம் வந்தது. மகள் குடிபோய் மூன்று வருடமாகும் வீட்டின் விலாசம். இதுவரை என் போனில் அது இல்லை.

'யாரு கொண்டு வாரா?'

எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன். அவளுக்கும் அது தெரிந்திருக்கும், போன் காட்டும். கடைசியில், 'எங்கள் ஆள்தாங்க' என்று அனுப்பினேன்.

உடனே நீலமானது. ஆனால் பதில் வரவில்லை. ஓட்டுநர் ஏறி உட்கார்ந்தார். உதவியாளன் ஆள் எண்ணிக்கொண்டு வந்தான். பீர் மைதீன் கீழே நின்று ஏதோ சொல்கிறார், கண்ணாடி மூடியிருப்பதால் கேட்கவில்லை. அப்போது வந்தது.

'சரி. செருப்ப வாசல்லயே கழட்டிட்டு உள்ள வரச் சொல்லுங்க. காலக் கழுவிட்டு வரணும். புள்ள தவழுறான்.'

'சரிங்க' என்று போட்டேன்.